நல்ல தண்ணீரில் இறந்த 15 மீன்கள்: காரைக்குடி வீடு ஒன்றின் ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் தண்ணீரைக் குறை சொல்ல ஆள் கிடைக்காது. சம்பை ஊற்று நீரின் ருசி ஊர்ப் பெருமைகளில் ஒன்று. பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும், பாத்திரத்தின் அடியில் வெள்ளை உப்புப் படியாது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். செம்புராங்கல்லும் மணலும் கலந்த பூமியில் இறங்கி வரும் அந்த நீரில் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாமே மிகக் குறைவு. குடிப்பவருக்கு வரமான இந்தக் குணம்தான், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் குடும்ப மீன்களை வைத்த ஒரு தொட்டியை 28 நாளில் கவிழ்த்தது.

வாங்கிவந்த 24 மீன்களில் 15 இறந்தன. தொற்று நோய் இல்லை, வெளியிலிருந்து விஷம் கலக்கவில்லை, தண்ணீர் கலங்கக்கூட இல்லை. பிறகு அதே தொட்டியை அதே குழாய் நீரைக்கொண்டே சரியாக அமைத்தார்கள். முதல் முறை எது எங்கே தவறியது, இரண்டாம் முறை என்னென்ன அளவில் செய்யப்பட்டது என்பதைக் கணக்குகளோடு இங்கே தருகிறோம்.

தொட்டியும் வீடும்

நீளம் 4 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கண்ணாடி 10 மி.மீ. கணக்குப்படி 255 லிட்டர் பிடிக்கும். மண், கல், மேலே விட்ட 2 அங்குல இடைவெளி போக உண்மையில் நிற்பது 200 லிட்டர். மருந்தோ உப்போ சோடாவோ எதைப் போட்டாலும் இந்த 200-ஐ வைத்துத்தான் அளக்க வேண்டும். கடைச் சீட்டில் இருக்கும் 255-ஐ வைத்து அளந்தால் கால் பங்குக்கு மேல் கூடிப்போகும்.

வைத்த இடம் பட்டாலை எனும் கூடம். திறந்த முற்றமான வளவு வாசலை ஒட்டி வைக்காதது நல்ல முடிவு. அங்கே நேர்வெயில் இறங்கும், ஒரே வாரத்தில் கண்ணாடி பச்சை பிடித்துவிடும். நீர், கண்ணாடி, கல், மண், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து எடை 370 கிலோவுக்குக் குறையாது. ஆங்கிள் ஸ்டாண்டின் நான்கு கால்களும் ஆத்தங்குடிக் கல்லின் மேல் நேராக உட்கார்ந்தால், கையால் வார்த்த அந்தக் கல் காலடியில் வெடிக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு காலின் கீழும் அரை அடிச் சதுரத்தில் 6 மி.மீ. இரும்புத் தகடும், அதன் அடியில் ரப்பரும் வைத்தார்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே 12 மி.மீ. தெர்மாகோல் தாள். பர்மா தேக்கு உத்தரம் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், பழைய வீட்டின் மாடியில் இந்த எடையை ஏற்ற வேண்டாம்.

இந்த அளவில் வீட்டார் செய்ததில் குறை இல்லை. கோளாறு தண்ணீர் ஊற்றியபின் தொடங்கியது.

28 நாள்

முதல் நாள் ஆற்று மணல், கருங்கல், மணிக்கு 800 லிட்டர் இறைக்கும் ஹேங் ஆன் ஃபில்டர், குழாய் நீர், ஆன்டி குளோரின், ஒரு பாட்டில் பாக்டீரியா திரவம். மூன்றாம் நாள் காலை, சென்னை கொளத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் 24 மீன்கள் வந்தன. எல்லாம் 2 அங்குலம். கடையில் ‘மலாவி மிக்ஸ்’ என்று சொல்லிக் கொடுத்தவை. கவரை 20 நிமிடம் மிதக்கவிட்டுப் பிறகு மீன்களைத் தொட்டியில் விட்டார்கள். மறுநாள் இரண்டு மீன் இறந்துகிடந்தன. பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மூன்று வாரம் நல்ல காலம். மீன்கள் ஓடி ஆடின, தீனிக்கு மேலே வந்து மோதின. தினம் மூன்று வேளை, மொத்தம் 2 கிராம் அளவுக்குப் பெல்லட். தண்ணீர் தெளிவாக இருந்ததால் ஒரு தடவைகூட மாற்றவில்லை. ஆப்பிரிக்க மீனுக்கு உப்புப் போட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டார்கள். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரத்துக்காக வாங்கிய டிடிஎஸ் பேனா (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) இருந்தது. அதில் எண் ஏறியதைப் பார்த்து நீர் ‘கடினமாகிவிட்டது’ என்று நம்பினார்கள்.

26-ஆம் நாள் மீன்கள் அடியில் உட்கார்ந்தன. முதுகுத் துடுப்பு உடலோடு ஒட்டியிருந்தது, நிறம் மங்கியது, தீனியைத் தொடவில்லை. 27-ஆம் நாள் மதுரையிலிருந்து சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று வந்தது. பார்த்த அளவுகள்: பிஎச் (நீரின் அமில, கார அளவு, 7 நடுநிலை) 6.0, அம்மோனியா 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மி.கி.), நைட்ரைட் 1, நைட்ரேட் 20. கேஎச் (பிஎச் விழாமல் தாங்கும் பைகார்பனேட்டின் அளவு) சோதனையில் 5 மி.லி. தொட்டி நீரில் முதல் சொட்டு விழுந்ததுமே நீலத்துக்குப் பதிலாக மஞ்சள் வந்தது. இந்தச் சோதனையில் நீலம் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் கேஎச் டிகிரி. நீலமே வராமல் மஞ்சளில் தொடங்கினால், நீரில் அமிலத்தைத் தாங்கும் சத்து ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை என்று பொருள்.

அன்று மாலை தொலைபேசியில் கடைக்காரரிடம் அந்த வீட்டு ஆச்சி கேட்டது இது: “தம்பி, நாங்க குடிக்கிற தண்ணியத்தான் ஊத்துறோம். இதுக்கு மேல நல்ல தண்ணிக்கு எங்க போறது?” பதில் இப்படி வந்தது: “தண்ணி நல்ல தண்ணிதான் ஆச்சி, மீனுக்குத்தான் பத்தல. ஆப்ப சோடா போடுங்க.” எவ்வளவு, எத்தனை நாளில் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. சமையற்கட்டிலிருந்து எடுத்து வந்த ஆப்ப சோடா, ஏறக்குறைய 150 கிராம், நேரே தொட்டியில் போனது.

இரவு பத்து மணிக்குள் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறின. விடிந்தபோது 13 இறந்திருந்தன.

ஏன் இப்படி ஆனது

இரண்டு பெயர்கள் எப்போதும் குழப்பும். ஜிஎச் என்பது கால்சியம், மக்னீசியத்தின் அளவு. கேஎச் என்பது பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு. பிஎச் விழாமல் தாங்கிப் பிடிப்பது கேஎச். டிடிஎஸ் பேனா இவை இரண்டையும் பிரித்துச் சொல்லாது, மின்சாரம் கடத்தும் எதையும் ஒரே எண்ணாகக் காட்டும். கல்லுப்பு கரைந்தால் அந்த எண் ஏறும், கேஎச் ஒரு துளிகூட ஏறாது. அந்த வீட்டில் பேனா காட்டிய எண் பொய்யான தைரியத்தைத் தந்தது. மலாவி ஏரி உப்பு ஏரி அல்ல, நன்னீர் ஏரிதான். அதன் பிஎச் 7.7 முதல் 8.6 வரை. அதைக் கொடுப்பது பைகார்பனேட், சமையல் உப்பு அல்ல.

அந்த வீட்டுக் குழாய் நீர்: பிஎச் 6.8, கேஎச் 1, ஜிஎச் 2, டிடிஎஸ் 110. இனிக் கணக்கு. தீனியில் 40 விழுக்காடு புரதம், புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். நாளுக்கு 2 கிராம் தீனி போட்டால் 0.128 கிராம் நைட்ரஜன் நீருக்குள் போகிறது. மீன் அதை அம்மோனியாவாக வெளியேற்றும், ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் அப்படி மாறும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை செலவாகிறது. ஆகவே நாளுக்கு 0.9 கிராம், 200 லிட்டரில் லிட்டருக்கு 4.5 மி.கி. ஒரு டிகிரி கேஎச் என்பது லிட்டருக்கு 17.9 மி.கி. அதாவது இந்த வீட்டுத் தொட்டியில் இருந்த ஒரே ஒரு டிகிரி, முழு வேகத்தில் ஓடும் ஃபில்டருக்கு நான்கே நாள் செலவு. புதுத் தொட்டியில் பாக்டீரியா குறைவு, நைட்ரஜனில் ஒரு பங்கு மீனின் உடம்பிலும் சேரும். அதனால்தான் நான்கு நாளில் நடந்திருக்க வேண்டியது மூன்று வாரம் இழுத்தது.

கேஎச் தீர்ந்ததும் பிஎச் சரிந்தது. பிஎச் 6.5-க்குக் கீழே அந்தப் பாக்டீரியாக்கள் மந்தமாகும், 6-ஐ நெருங்கினால் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். மீன் கழிப்பது நிற்காது, அம்மோனியா ஏறிக்கொண்டே போகும். ஆனால் பிஎச் 6-ல் அது அம்மோனியம் என்ற கொடுமை குறைந்த வடிவில் இருக்கும். 4 பிபிஎம் என்ற பயங்கர அளவிலும் மீன்கள் உயிரோடு இருந்தது இதனால்தான். மொத்த அம்மோனியாவில் செவுளைச் சுடும் வடிவம் எவ்வளவு என்பதைப் பிஎச் தீர்மானிக்கிறது. பிஎச் ஓர் எண் ஏறினால் அந்தப் பங்கு பத்து மடங்கு ஆகும். 29 டிகிரி வெப்பத்தில் பிஎச் 6-ல் அது 0.08 விழுக்காடு கூட இல்லை, பிஎச் 8.3-ல் 13 விழுக்காடு.

150 கிராம் சோடா பிஎச்சை ஒரு மணி நேரத்துக்குள் 8.3-க்குக் கொண்டுபோனது. லிட்டருக்கு 0.003 மி.கி. இருந்த நச்சு 0.5 மி.கி. ஆனது, 170 மடங்குக்கு மேல். பிஎச் திடீரென்று தாவிய அதிர்ச்சி வேறு. அந்த மீன்களைச் சோடா கொல்லவில்லை. மூன்று வாரமாகத் தொட்டியில் தூங்கிய அம்மோனியாவைச் சோடா எழுப்பிவிட்டது. போட்டது சரியான பொருள்தான், போட்ட நேரமும் அளவும்தான் பிழை. அரைத் தொட்டி நீரை மாற்றிவிட்டுச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்திருந்தால் பெரும்பாலானவை பிழைத்திருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

இப்படி ஒரு தொட்டி எதிரே நின்றால் வரிசை இதுதான். தீனியை அன்றே நிறுத்தவும். குளோரின் நீக்கிய சாதாரணக் குழாய் நீரால், எதுவும் கலக்காமல், பாதித் தொட்டியை மாற்றவும். பிஎச் 6.8-க்கு மேல் போகாததால் நச்சுப் பங்கு அரை விழுக்காட்டுக்குள்தான் நிற்கும். 12 மணி நேரம் விட்டு மறுபடி பாதி. அம்மோனியா 0.5 பிபிஎம்முக்குக் கீழே இறங்கியபிறகுதான் சோடா. அதுவும் நாளுக்கு ஒரு டிகிரி கேஎச் மட்டும், 200 லிட்டருக்கு 6 கிராம், ஒரு குவளை நீரில் கரைத்து ஃபில்டர் நீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றவும்.

நான்காம் நாள் இறந்த இரண்டு மீன்களுக்கும் இதே வேதியியல்தான் காரணம். இரவு முழுக்கக் கட்டிய கவரில் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், கழிவு அம்மோனியமாகக் கிடக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், கவருக்குள்ளேயே விஷம் விழித்துக்கொள்ளும். அதோடு கொளத்தூர்க் கடை நீரின் டிடிஎஸ் 900, தொட்டி நீர் 110. செறிந்த நீரிலிருந்து மெலிந்த நீருக்குத் திடீரென்று போகும் மீனின் உடம்பு உப்பை இழக்கும். மெலிந்ததிலிருந்து செறிந்ததற்குப் போவதைவிட இது கொடியது.

தண்ணீரைத் தயார் செய்தல்

மிஞ்சிய 9 மீன்களை 100 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு மாற்றிவிட்டுத் தொட்டியைக் காலி செய்தார்கள்.

இப்போது பயன்படும் கலவை 100 லிட்டர் குழாய் நீருக்கு: ஆப்ப சோடா 15 கிராம், எப்சம் உப்பு 15 கிராம். 3 கிராம் சோடா 100 லிட்டரில் ஒரு டிகிரி கேஎச் தரும், எனவே 1 இருந்தது 6 ஆகிறது. எப்சம் உப்பு ஜிஎச்சை மூன்றரை டிகிரி போல ஏற்றும், 2 இருந்தது ஐந்தரை ஆகிறது. காற்றோட்டம் கொடுத்தபின் பிஎச் 8.0-லிருந்து 8.2-க்குள் நிற்கிறது, பேனாவில் டிடிஎஸ் 320. மலாவி மீனுக்கு இதற்கு மேல் தேவையில்லை. டாங்கனிக்கா ஏரி மீன் என்றால் கேஎச் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், அது வேறு கணக்கு.

சோடா வாங்கும்போது பொட்டலத்தில் சோடியம் பைகார்பனேட் என்று இருக்கிறதா என்று பார்க்கவும். பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், அது ஆகாது. சலவைச் சோடாவும் ஆகாது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்ற கேள்வி நம் பக்கத்தில் அடிக்கடி வரும். கூடவே கூடாது. நீற்றிய சுண்ணாம்பு பிஎச்சை 12 வரை கொண்டுபோகக்கூடியது. எப்சம் உப்பு உரக்கடையில் மக்னீசியம் சல்பேட் என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் நுண்ணூட்டக் கலவை வேண்டாம், அதில் தாமிரம் இருக்கலாம்.

கால்சியத்துக்குக் கோழித்தீவனக் கடையில் விற்கும் உடைத்த கிளிஞ்சல் ஒரு கிலோ, நன்றாகக் கழுவி, வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போட்டார்கள். கிளிஞ்சல் மட்டும் போதும் என்று நினைப்பது பெரும் பிழை. நீர் அமிலமாக இருக்கும்போது கரையும், பிஎச் 8-ஐ நெருங்கினால் ஏறக்குறையக் கரையாது. விழுந்தால் தாங்கும் வலை அது. தினப்படி பிடித்து நிறுத்துவது சோடாதான். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போய்வருபவர்கள் கடற்கரையில் பவளத் துண்டு பொறுக்கி வந்து தொட்டியில் போடுவதுண்டு. பவளப்பாறை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அளவுகள் அந்த ஒரு வீட்டுக் குழாய்க்கு உரியவை. அடுத்த தெருவில் ஆழம் கூடிய போர்வெல்லில் கேஎச் 10 இருக்கலாம், அங்கே சோடாவே வேண்டியிராது. குழாயில் பிடித்த நீரை 24 மணி நேரம் ஏர் ஸ்டோன் போட்டு வைத்தபிறகே அளக்கவும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு போகும்வரை பிஎச் குறைவாகத்தான் காட்டும். ஆர்.ஓ. நீரை ஊற்றினால் கேஎச் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், இந்த மீன்களுக்கு அதைவிடப் பொருந்தாத நீர் இல்லை.

கல், மண், ஃபில்டர்

மலாவி ஏரியின் பாறைக்கரையில் வாழும் சிக்லிட்களை அங்குள்ள டோங்கா மக்கள் ‘ம்பூனா’ என்கிறார்கள். பாறைதான் அவற்றுக்கு வீடு, பாறை மேல் படர்ந்த பாசிதான் உணவு. இந்த மீன்கள் மண்ணை வாயில் அள்ளித் துப்பிக்கொண்டே இருக்கும், ஓர் இரவில் ஒரு கல்லின் அடியைக் காலி செய்துவிடும். மணலின் மேல் கல்லை அடுக்கினால் அடுக்கு சரிந்து கண்ணாடி உடையும். முதலில் அடிக்கண்ணாடியில் பிளாஸ்டிக் கட்டத் தட்டு, அதன் மேல் கல், கடைசியில் மணல். 50 கிலோ கருங்கல், பின் கண்ணாடியை ஒட்டி மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை. மீன்களின் எண்ணிக்கையைவிடப் பொந்துகள் அதிகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வாசல் வேண்டும், இல்லாவிட்டால் துரத்தப்பட்ட மீன் உள்ளே மாட்டிக்கொண்டு கடிபடும். ஊரில் எளிதாகக் கிடைக்கிறதே என்று செம்புராங்கல்லை வைக்க வேண்டாம். ஊறிப் பொடிந்து சிவப்புச் சேறு விடும். மணல் மெல்லியதாக, உருண்டையாக இருக்கட்டும். எம்-சாண்ட் விளிம்பு கூர்மையானது, வாயையும் செவுளையும் கீறும்.

ஃபில்டர் மணிக்கு 1,400 லிட்டர் இறைக்கும் கேனிஸ்டர் (மூடிய டப்பா வடிவ ஃபில்டர்) ஒன்று, தனியாக ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். பழையது பத்தாமல் போனதற்கு வேகத்தைவிட உள்ளே பாக்டீரியா ஒட்ட இடம் இல்லாததே காரணம். பஞ்சுத் தாள் ஒன்றும் கரிப்பை ஒன்றும்தான் இருந்தன. கேனிஸ்டரில் இப்போது மூன்று லிட்டர் பீங்கான் வளையம். இரண்டையும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டார்கள். கேனிஸ்டர் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் திறந்து, வளையங்களைத் தொட்டி நீரிலேயே அலசிவிட்டு ஓடவிடவும். உள்ளே அழுகிய நீரை அப்படியே தொட்டிக்குத் தள்ளக் கூடாது.

மீன் விடுமுன் பாக்டீரியாவை வளர்க்க அம்மோனியம் குளோரைடு பயன்பட்டது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் இதே பொருள்தான், ஆனால் அதில் உலோக அழுக்கு இருக்கும், ஆய்வகத் தரத்தில் வாங்கவும். 200 லிட்டருக்கு 1.2 கிராம் போட்டால் 2 பிபிஎம். அது பூஜ்யம் ஆனதும் மறுபடி 1.2 கிராம். ஒவ்வொரு முறை 2 பிபிஎம் கரையும்போதும் கேஎச் 0.6 டிகிரி போகும். பலர் ‘ஐந்து வாரமாகியும் சைக்கிள் ஆகவில்லை’ (பாக்டீரியா வளர்ந்து தொட்டி தயாராகவில்லை) என்று தவிப்பது கேஎச் தீர்ந்துபோனது தெரியாமல்தான். 2 பிபிஎம் போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றால் தொட்டி தயார். இங்கே 31 நாள் ஆனது. பிறகு முக்கால் பங்கு நீரை மாற்றி நைட்ரேட்டை இறக்கினார்கள்.

எந்த மீன், எத்தனை

‘மலாவி மிக்ஸ்’ வாங்குவது சீட்டு எடுப்பது போல. பிழைத்த ஒன்பதை வெளிச்சத்தில் பார்த்தபோது 2 அவுரேட்டஸ், 2 கென்யி, 1 வீனஸ்டஸ், 4 எலக்ட்ரிக் யெல்லோ. மஞ்சள் உடலில் கறுப்பு வெள்ளைப் பட்டை ஓடும் குட்டி அவுரேட்டஸ் கடையில் எல்லாரையும் இழுக்கும். வளர்ந்த ஆண் கறுத்து, 4 அடித் தொட்டி முழுவதும் தனக்கே என்று நினைக்கும். கென்யியும் அப்படித்தான். வீனஸ்டஸ் 10 அங்குலம் வளர்ந்து குட்டி மீன்களைத் தின்னும். இந்த ஐந்தையும் 6 அடித் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

கென்யியில் குட்டிகளும் பெண்களும் நீலம், வளர்ந்த ஆண் மட்டும் மஞ்சளாக மாறும். அதை எலக்ட்ரிக் யெல்லோ என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது முதுகுத் துடுப்பு. யெல்லோவின் துடுப்பில் முன்னிருந்து பின்வரை மை தீட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை ஓடும், உடலில் குறுக்குக் கோடு இருக்காது. கென்யி ஆணின் உடலில் மங்கலான குறுக்குக் கோடுகள் தெரியும். லாபிடோகுரோமிஸ் செருலியஸ் என்பது யெல்லோவின் அறிவியல் பெயர், 1956-ல் வைத்தது. செருலியஸ் என்றால் நீலம். அந்த இனத்தில் வெண்ணீல மீன்களும் உண்டு, உலகெங்கும் வீடுகளில் பரவியது மஞ்சள் வகை.

இறுதியில் வைத்தது 18: யெல்லோ 6, ரஸ்டி 6, அசெய் 6. ரஸ்டி துருவும் ஊதாவும் கலந்த நிறம், 4 அங்குலத்துக்குள் நிற்கும், ம்பூனாக்களில் சாதுவானது. அசெய் ஊதா உடலும் மஞ்சள் வாலுமாக, பாறையைவிட நடுநீரில் கூட்டமாகத் திரியும். மூன்றும் மூன்று நிறம், மூன்று குணம். ஒன்றையொன்று போட்டியாகப் பார்ப்பதும் கலப்பதும் குறையும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்ணாவது இருக்க வேண்டும். ஒரே பெண் இருந்தால் ஆண் அதைத் துரத்தியே கொன்றுவிடும். ஃப்ளவர்ஹார்ன், பிளட் பேரட் இவற்றோடு சேர்க்க வேண்டாம். அவை அமெரிக்க சிக்லிட் வழிவந்த கலப்புகள், நீரும் வேறு, பலமும் வேறு.

புது மீன் 14-ம் வந்தபோது கவர் மிதக்கவிடும் வேலையே இல்லை. மீன் விற்பவர் சொன்ன பிஎச், டிடிஎஸ் அளவுக்கு ஒரு தனி டப்பில் நீரை முன்கூட்டியே கலந்து வைத்திருந்தார்கள். கல்லுப்புக்கு வேலை இருக்கும் ஒரே இடம் இதுதான், அயோடின் சேராத உப்பு லிட்டருக்கு அரை கிராம் போல. வெப்பம் சரிபார்த்ததும் கவரை அறுத்து, மீனை வலையில் எடுத்து நேரே டப்பில் விட்டு, கவர் நீரைக் கொட்டினார்கள். நான்கு வாரம் தனிமை. அதில் முதல் ஐந்து நாள் தினம் கால் பங்கு நீரைத் தொட்டிக் கலவையால் மாற்றினார்கள். தொட்டியில் விடும் நாளில் கல் அடுக்கைக் கலைத்து மாற்றி, பழைய நான்கையும் புதிய 14-ஐயும் ஒன்றாக, விளக்கை அணைத்து விட்டார்கள். எந்த மீனுக்கும் ‘என் இடம்’ என்று சொல்ல எதுவும் இல்லை.

தீனி

ம்பூனாவின் குடல் நீளமானது, பாசி செரிக்க ஏற்றது. புழு, இறைச்சி, கொழுப்பு மிகுந்த தீனி குடலில் தங்கிப் புளிக்கும். ஸ்பைருலினா பாசி கலந்த சிறு பெல்லட், தினம் இரண்டு வேளை, அரை நிமிடத்தில் தின்று தீரும் அளவு. வாரம் ஒருநாள் தீனி இல்லை. வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த பசலைக்கீரை அவ்வப்போது.

ஒரு படைப்புக்கு (முன்னோருக்குப் படையலிடும் நாள்) வீடு நிறைய ஆட்கள் வந்திருந்த மூன்று நாளில், குழந்தைகள் உலர்ந்த ரத்தப்புழுவை அள்ளி அள்ளிப் போட்டார்கள். ஐந்தாம் நாள் ஓர் அசெய் தீனியை வாயில் வாங்கித் துப்பியது. கழிவு வெள்ளை நூலாகத் தொங்கியது, வயிறு புடைத்தது. மலாவி புளோட் எனப்படும் கோளாறின் தொடக்கம் இது. வாங்கித் துப்பும் நிலையிலேயே கவனித்தால் காப்பாற்றலாம், செதில் நிமிர்ந்துவிட்டால் பெரும்பாலும் முடியாது. தனி டப்பில் 40 லிட்டருக்கு 250 மி.கி. மெட்ரோனிடசோல், ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் முன் கால் பங்கு நீர் மாற்றம். அந்த மீன் பிழைத்தது. விருந்து நாட்களில் தீனி டப்பாவை அலமாரியில் பூட்டிவிட்டு, ஒருநாள் அளவை மட்டும் சின்ன டப்பியில் வெளியே வைப்பது இப்போது அந்த வீட்டு வழக்கம். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகும்போதும் அதே டப்பிகள்தான், நாளுக்கு ஒன்றாகக் கிழமை எழுதி, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம். ஒருவார விடுமுறைக்குத் தீனியே இல்லாவிட்டாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது.

வாராந்திர வேலையும் கோடையும்

வாரம் ஒருமுறை 60 லிட்டர் மாற்றம். முந்தின இரவே டிரம்மில் நீர் பிடித்து, ஆன்டி குளோரின் விட்டு, தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் சோடாவும் அதே அளவு எப்சம் உப்பும் கரைத்து, ஏர் ஸ்டோன் போட்டு வைக்கவேண்டும். தொட்டியில் நேரே எதையும் கொட்டுவதில்லை. மாற்றுவதற்கு முன் கேஎச் பார்ப்பார்கள். 5-க்குக் கீழே இருந்தால் அந்த வாரம் தீனி கூடியிருக்கிறது அல்லது அழுக்குத் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஏப்ரல், மே மாதங்களில் நீர் 31 டிகிரிக்குப் போனது. நீர் சூடானால் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். மேல்மூடியைத் திறந்து, சிறு மேசை விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஓடவிட்டதில் 28.5-க்கு இறங்கியது. அதனால் தினம் 4 லிட்டர் ஆவியாகிறது. அந்தக் குறையை நிரப்பக் குளோரின் நீக்கிய வெறும் குழாய் நீர்தான், சோடா கலந்த நீர் அல்ல. ஆவியாவது நீர் மட்டும், கரைந்த உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. கலவை நீரால் நிரப்பிக்கொண்டே போனால் ஒரே மாதத்தில் கேஎச் ஒன்றரை மடங்கை நெருங்கிவிடும். வழிந்த நீரை ஆத்தங்குடிக் கல்லில் காயவிடாமல் உடனே துடைக்கவும், வெள்ளைத் திட்டு எளிதில் போகாது.

வாயில் குஞ்சு

ஆறாம் மாதம் ஒரு ரஸ்டி தீனிக்கு வரவில்லை. நோய் என்று பயந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தாடை கீழே தொங்கி, கன்னம் உப்பி, வாய் எதையோ மெல்வதுபோல மெதுவாக அசைந்தது. முட்டைகளை வாயில் வைத்துப் புரட்டும் அசைவு அது. நிறம் மங்காமல், பொந்தில் நின்றபடி இப்படி மென்றால் கவலை வேண்டாம். ஏறக்குறைய 21 நாள் கழித்து, தாயைப் போலவே உருவமுள்ள அரை அங்குலத்துக்கும் குறைந்த குஞ்சுகளைத் துப்பும். தாயைப் பிடிக்க வலையோடு துரத்தினால் பாதி வழியிலேயே துப்பிவிடும். பிடிக்க வேண்டுமானால் இரவில், விளக்கணைந்த பிறகு. பெல்லட்டைப் பொடித்துத் தினம் மூன்று நான்கு வேளை கொடுத்தால் குஞ்சுகள் வளரும்.

வாயில் குஞ்சு காக்கும் மீன் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஊருணியிலும் கண்மாயிலும் நிறைந்திருக்கும் ஜிலேபி மீன் இதே குடும்பம், அதுவும் ஆப்பிரிக்க சிக்லிட்தான். 1952-ல் இந்தியாவுக்கு உணவு மீனாகக் கொண்டுவரப்பட்டு, கெண்டையும் கெளுத்தியும் இருந்த இடங்களைப் பிடித்துக்கொண்டது. அதனால் குஞ்சு மிகுந்தாலும், தொட்டியைக் கலைத்தாலும், ஒரு மீனைக்கூட ஊருணியில் விடக் கூடாது. இந்த வீட்டில் முதல் ஈட்டில் தேறிய குஞ்சுகள் 17. எட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள், அவரவர் குழாய் நீரின் கேஎச்சை அளந்து சொன்னபிறகு. மீதி ஒன்பதும் அந்த 100 லிட்டர் டப்பில் வளர்கின்றன.